தொழில் பழகினவரை விட்டிட்டு பழக்கினவரைத் தேடுங்கோ

எங்கட சனம் பரம்பரை தேட வெளிக்கிட்டா முதல் கேக்கிறது ஆர் ஆரைக் கட்டினது, எந்த ஊர், எத்தினை பிள்ளையள் எண்டதுதான். அந்த மனிசன் சோத்துக்கு என்ன தொழில் செய்தவர், அதை ஆரிட்டப் பழகினவர் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. எனக்கு இப்ப கொஞ்சக் காலமா இந்தக் கேள்விதான் மண்டைக்குள்ள நிக்குது. என்ர அம்மப்பா முல்லைத்தீவில புதுக்குடியிருப்புப் பக்கம் மாட்டு வண்டில் செய்யிற ஓடாவி, அதாவது தச்சர். அவர் செய்த வண்டில் ஒட்டுசுட்டான் வரைக்கும் ஓடினது எண்டு இப்பவும் வயசு போனவை சொல்லுவினம். ஆனா அவர் தொழில் பழகினது எந்தப் பட்டறையில எண்டு அம்மாவைக் கேட்டா, "சின்னப் பெடியனா இருக்கேக்க ஆரோ ஒரு பெரியவரிட்டப் போனவராம்" எண்டதோட கதை முடிஞ்சிடும். அந்த "ஆரோ ஒரு பெரியவர்" ஆரெண்டு கண்டுபிடிக்கிறதுக்குத்தான் இவ்வளவு அலைச்சலும்.

இதுக்குப் பொறி தட்டினது லண்டனில இருக்கிற மச்சாளால. அவ அங்க குடும்ப வரலாறு தேடுற வகுப்பு ஒண்டுக்குப் போறவ, வெள்ளைக்காரர் தங்கட பூட்டன்மார் தொழில் பழகின பதிவுகளை எப்பிடித் தேடினம் எண்டு வாட்ஸ்அப்பில பெரிய பெரிய வொய்ஸ் மெசேஜா அனுப்புவா. இங்கிலாந்தில 1563லயே ஒரு சட்டம் போட்டவையாம், ஒரு தொழிலைச் செய்யிறதெண்டா குறைஞ்சது ஏழு வருசம் ஒரு குருவிட்ட நிண்டு பழகியிருக்கோணும் எண்டு. பெடியனின்ர தகப்பனும் தொழில் பழக்கிறவரும் ஒப்பந்தம் எழுதுவினம், ஒரே ஒப்பந்தத்தை ஒரே தோலிலயோ தாளிலயோ ரெண்டு தரம் எழுதிப்போட்டு நடுவால நெளிநெளியா வெட்டி ஆளுக்கொரு துண்டு வைச்சிருப்பினம், பேந்து ஏதும் பிரச்சினை வந்தா ரெண்டு துண்டையும் பொருத்திப் பாக்கலாம், களவாப் பத்திரம் எழுத ஏலாது. 1710ல அரசாங்கம் இதுக்கு வரி போட்டிட்டுது. பழக்கிறதுக்கு எண்டு பெடியன்ர ஆக்கள் குடுக்கிற காசில 50 பவுண் வரைக்கும் பவுணுக்கு ஆறு பென்ஸ், அதுக்கு மேல எண்டா பவுணுக்கு ஒரு சிலிங். அந்த வரிக் கணக்குப் புத்தகங்கள் 1811 வரைக்கும் இருக்கு, இப்ப லண்டனில கியூ எண்ட இடத்தில இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்தில வைச்சிருக்கினம். பழகினவன்ர பேர், பழக்கினவரின்ர பேர், ஊர், தொழில் எல்லாம் இருக்குமாம், முந்தின புத்தகங்களில, கிட்டத்தட்ட 1752 வரைக்கும், பெடியன்ர தாய் தகப்பன்ர பேரும் இருக்குமாம்.

மச்சாள் சொன்னதில என்னைப் பிடிச்சு இழுத்த விசயம் வேற. அந்த வரியைக் கட்டவேண்டிய ஆள் பெடியனோ பெடியன்ர தகப்பனோ இல்லை, பழக்கிற முதலாளி. அதால பதிவு கிடக்கிறது முதலாளி எங்க வரி கட்டினாரோ அங்க, எப்ப கட்டினாரோ அந்தத் தேதியில. பழகி முடிஞ்சு ஒரு வருசத்துக்குள்ள கட்டினாலும் காணும் எண்டு இருந்ததால, பெடியன் பழகத் தொடங்கின வருசத்தைப் பாத்தா ஒண்டும் இல்லாமலும் போகலாம், கன வருசம் தள்ளியும் பாக்கோணும். பிள்ளையின்ர ஊரில தேடினா வெறுங்கைதான், குருவின்ர ஊரில தேடோணும். இன்னொண்டு, சொந்தத் தகப்பனிட்டப் பழகினவனுக்குக் காசு கைமாறுறேல்ல, அதால வரியும் இல்லை, பதிவும் இல்லை. சேர்ச் பங்குக் காசிலயோ தர்மக் காசிலயோ பழக விட்ட ஏழைப் பிள்ளையளுக்கும் வரி இல்லை, அதால அவையும் இந்தப் புத்தகத்தில இல்லை.

இதைக் கேட்ட உடன எனக்கு விளங்கிச்சு, நாங்கள் எல்லாரும் எந்த வாசலைத் தட்டாம இருக்கிறம் எண்டு. நாங்கள் எல்லாரும் எங்கட வீட்டுப் பெட்டியைத்தான் கிளறுறம். தொழில் பழகின கதை எங்கட வீட்டில இருக்காது, பழக்கினவரின்ர வீட்டிலதான் இருக்கும்.

வன்னியில ஒப்பந்தம் எழுதினவை எண்டு நான் கேள்விப்படேல்ல. நல்ல நாள் பாத்து, கனக்கவா விஜயதசமி அண்டைக்கு, தட்டத்தில வெத்திலை பாக்கு பழம், ஏலுமானவை வேட்டி ஒண்டும் வைச்சு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய் "இவன் இனி உங்கட பிள்ளை" எண்டு விட்டிட்டு வாறது. அவ்வளவுதான் ஒப்பந்தம். சாப்பாடும் படுக்கையும் குரு வீட்டில. எழுத்தில ஒண்டும் இல்லை. இருந்த மற்றக் கடதாசியளும் 2009ல கடைசி யுத்தத்தில போட்டுது. இதை வன்னிச் சனத்துக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மாத்தளன், முள்ளிவாய்க்கால் எண்டு போகப்போக ஒவ்வொரு இடத்திலயும் ஒவ்வொண்டாக் கைவிட்டிட்டு, கடைசியில மெனிக்பாம் அகதி முகாமுக்குள்ள போகேக்க ஒரு சொப்பிங் பாக்குக்குள்ள என்ன இருந்ததோ அதுதான் மிச்சம். அம்மாவின்ர பாக்குக்குள்ள அம்மப்பாவின்ர அடையாள அட்டை இருந்தது. அவர் அதுக்கு முதலே செத்துப்போனார், ஆனா அம்மா அதை எறியேல்ல.

அந்தப் பழைய அடையாள அட்டையைக் கையில வைச்சிருக்கிற ஆக்கள் ஒருக்கா திருப்பிப் பாருங்கோ. லாமினேட் பண்ணின பழைய அட்டையில தொழில் எண்டு ஒரு வரி கையால எழுதியிருக்கும். கனபேர் பிறந்த தேதியை மட்டும் பாத்திட்டு வைச்சிடுவினம். அம்மப்பாவின்ர அட்டையில "தச்சுத்தொழில்" எண்டு இருக்கு. பிறந்த இடம் எண்டதில புதுக்குடியிருப்பு இல்லை, முள்ளியவளை எண்டு இருக்கு. வீட்டில ஒருத்தருக்கும் அது தெரியாது.

அடுத்தது கலியாணப் பதிவு. இலங்கையில பிறப்பு இறப்புப் பதிவு 1860களில இருந்தே சட்டப்படி இருக்கு, கலியாணப் பதிவும் வெள்ளைக்காரன் காலத்தில இருந்தே இருக்கு. எங்கட பக்கம் கச்சேரிப் (மாவட்டச் செயலக) புத்தகங்கள் அழிஞ்சாலும் பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கு ஒரு இரட்டைப் பிரதி அனுப்புற வழக்கம் இருக்கிறதால கொழும்பில, மாளிகாவத்தையில இருக்கிற மத்திய ஆவண அறையில தேடலாம். பிரதேச செயலகத்தில "இஞ்ச புத்தகம் இல்லை" எண்டு சொன்னா அதோட திரும்பி வராதேங்கோ, கொழும்புப் பிரதிக்கு எழுதிக் குடுங்கோ. கலியாண அத்தாட்சிப் பத்திரத்தில மாப்பிள்ளையின்ர தொழில் இருக்கும், ரெண்டு பக்கத்துத் தகப்பன்மாரின்ர தொழிலும் இருக்கும், அதை எல்லாரும் பாப்பினம். கீழ சாட்சிக் கையெழுத்துப் போட்டவையை ஒருத்தரும் பாக்கிறேல்ல. எங்கட அம்மப்பாவின்ர பத்திரத்தில ஒரு சாட்சி அம்மம்மாவின்ர தமையன், மற்றவர் எங்கட சொந்தத்திலயே இல்லாத ஒரு ஆள், முள்ளியவளை. அம்மாவுக்கு அந்தப் பேர் தெரியாது, சித்திக்குத் தெரியாது, கனடாவில இருக்கிற பெரியமாமாவுக்கும் தெரியாது. சொந்தமில்லாத ஒரு ஆள் ஏன் முள்ளியவளையில இருந்து வந்து சாட்சிக் கையெழுத்துப் போடோணும்? எனக்கு அந்த இடத்திலயே மனசுக்குள்ள பட்டிட்டுது இவர்தான் ஆள் எண்டு, ஆனா மனசுக்குப் பட்டதை வைச்சுப் பரம்பரை எழுத ஏலாதே.

காணிப் பத்திரத்தில, அதாவது உறுதியில, தேடுறவைக்கும் இதையேதான் சொல்லுறன். காணி உறுதியில நொத்தாரிசு (நோட்டரி) எழுதுற சாட்சியளின்ர பேரும் ஊரும், எல்லைக்காரரின்ர பேரும் இருக்கும். காணியின்ர பரப்பைப் பாக்கிற கண்ணால அந்தச் சாட்சியளையும் ஒருக்காப் பாருங்கோ.

பிறகு சீவுளி, மரம் இழைக்கிற ஆயுதம். அம்மப்பாவின்ர ஆயுதங்கள் எல்லாம் போட்டுது, ஆனா 80களிலயே ஒரு சீவுளியை அவர் பெரியமாமாவின்ர சிநேகிதன் ஒருத்தருக்குக் குடுத்தவர், அந்தாள் அதை மாங்குளத்தில தன்ர வீட்டில வைச்சிருந்திருக்கிறார், 2009க்குப் பிறகு திரும்பிப் போகேக்க வீட்டுக்குக் கூரை இல்லை, யன்னல் இல்லை, ஆனா வளவுக்குள்ள தாட்டு வைச்ச இரும்புப் பெட்டிக்குள்ள அது அப்பிடியே கிடந்ததாம். நான் போய்ப் பாத்தன். கருங்காலி மரம், கை பிடிக்கிற இடம் வழுவழு எண்டு தேய்ஞ்சு பள்ளமாப் போயிருக்கு, இடப்பக்கம் பெருவிரல் வாற இடத்தில தனிப் பள்ளம். வாய்க்குப் பின்னால, இரும்பு சூடாக்கிச் சுட்ட எழுத்து ரெண்டு சோடி. ஒரு சோடி அம்மப்பாவின்ர தகப்பன்ர எழுத்தும் அவரின்ர எழுத்தும். அதுக்குப் பக்கத்தில, அதைவிட மங்கலா, பழசா, வேற ரெண்டு எழுத்து. கலியாணப் பத்திரத்துச் சாட்சியின்ர முதலெழுத்தும் பேரெழுத்தும் அச்சொட்டா அதுதான். குரு பாவிச்ச சீவுளியைத்தான் பழகி முடிஞ்ச பெடியன்ர கையில குடுத்திருக்கிறார். அதைக் கையில வைச்சுக்கொண்டு நான் கன நேரம் ஒண்டும் கதைக்கேல்ல.

அதுக்குப் பிறகு தேடினது அம்மப்பாவை இல்லை, அந்தப் பெரியவரை. வைகாசி வற்றாப்பளைப் பொங்கலுக்கு எப்பிடியும் முள்ளியவளைச் சனம் எல்லாம் வரும், காட்டுவிநாயகர் கோயிலில இருந்து தொடங்கி வற்றாப்பளைக்கு வாற பொங்கல், அந்தக் கிழமை ஊரில வெளிநாட்டுச் சனமும் நிக்கும். அங்க வயசு போனவையிட்ட அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டுக் கேட்டு, கடைசியா அவரின்ர மகள் ஒராள் தண்ணீரூற்றுப் பக்கம் இருக்கிறா எண்டு தெரியவந்தது. அந்த ஆச்சிக்கு எண்பது தாண்டிட்டுது. என்னைப் பாத்த உடன "நீர் ஆற்ற பிள்ளை" எண்டா. அம்மப்பாவின்ர பேரைச் சொன்னன். "எங்கட வீட்டுத் திண்ணையில படுத்த பெடியன் எல்லோ" எண்டா.

வருசம் கேட்டா வயசு போனவைக்குச் சொல்ல ஏலாது, அதால வருசத்தைக் கேக்காதேங்கோ, நடந்ததைக் கேளுங்கோ. 64ம் ஆண்டுப் புயலுக்கு முதலோ பிறகோ, 58 கலவரத்துக்கு முதலோ பிறகோ, குடியேற்றத் திட்டம் வந்த பிறகோ. ஆச்சி தானாவே சொன்னா, அவவின்ர தாய் சொல்லுறவவாம், "யப்பான்காரன் திருக்கோணமலையில குண்டு போட்டு அடுத்த மாரிக்குத்தான் அந்தப் பெடியனைக் கொண்டுவந்து விட்டவை, அப்ப அரிசி இல்லை, ரெண்டு வாய் கூடினது எங்களுக்குக் கஷ்டம்" எண்டு. குண்டு போட்டது 1942 சித்திரை. அப்ப அந்த வருசக் கடைசியோ 43 தொடக்கமோ. ஒரு பஞ்ச காலத்தில, தன்ர பிள்ளையளுக்கே சோறு காணாத நேரத்தில, ஊரான் பிள்ளை ஒண்டை வீட்டில வைச்சுத் தொழில் பழக்கியிருக்கிறார் அந்த மனிசன். இதை எந்த வரிக் கணக்குப் புத்தகமும் எனக்குச் சொல்லியிருக்காது.

ஆச்சி வீட்டில ஒரு கல்வெட்டும் இருந்தது. எங்கட பக்கம் தெரியும்தானே, ஆள் செத்து முப்பத்தோராம் நாள் அடிக்கிற நினைவு மலர். பழுப்பு நிறத் தாள், ஸ்ரேபிள் பின் துருப்பிடிச்சுத் தாளையும் சேர்த்து அரிச்சிருக்கு. முதல் தேவாரம், பிறகு அவரின்ர குலம் கோத்திரம், பிறகு வெண்பா, புலம்பல். மருமக்கள் பேரப்பிள்ளையள் எல்லாற்ற பேரும் முடிஞ்ச பிறகு கடைசிப் பக்கத்தில "அன்னாரிடம் தொழில் பயின்றோர்" எண்டு ஒரு வரிசை, அதில அம்மப்பா நாலாவது. அச்சில, எழுத்தில, ஒரு தொழில் பழகின பதிவு. இங்கிலாந்தில கியூவில இருக்கிறதுக்கு ஒப்பா வன்னியில நான் கண்டது இது ஒண்டுதான். உங்கட ஆளின்ர கல்வெட்டில இது இருக்காது. குருவின்ர கல்வெட்டில இருக்கும். நூலகம் இணையத்தளத்தில இப்பிடி நினைவு மலர்கள் கனக்க ஸ்கான் பண்ணிப் போட்டிருக்கினம், கோயில் கும்பாபிசேக மலர், பள்ளிக்கூட மலர் எல்லாம் இருக்கு, உங்கட ஊர்ப் பேரைப் போட்டுத் தேடிப் பாருங்கோ. வீட்டில கிடக்கிற ஆக்கள் ஸ்கான் பண்ணக் குடுங்கோ, தயவுசெய்து.

ஆச்சி சொல்லித்தான் பழக்கம் எப்பிடி நடந்தது எண்டும் தெரிஞ்சது. முதல் வருசம் மரம் தூக்கிறது, கூட்டிறது, உளி தீட்டிறது. உளியைச் சரியாத் தீட்டத் தெரியாதவனுக்கு மரத்தில கை வைக்க விடமாட்டாராம். பிறகு சில்லின்ர (சக்கரத்தின்ர) ஆரக்கால் சீவ விடுறது, பிறகு வெளி மரச் சுத்தான வட்டை, கடைசியாத்தான் நடுவில இருக்கிற குடம். குடத்தில ஆரக்கால் இறங்கிற துளை ஒண்டு பிழைச்சாலும் சில்லு ஆடும், அதை எல்லாத்துக்கும் பிறகுதான் பழக்கினவராம். இரும்பு வளையம் போடுற நாள் முழுப் பட்டறைக்கும் வேலை. வளையம் சில்லைவிடக் கொஞ்சம் சின்னனாத்தான் இருக்கும், சுத்திவர விறகும் சிரட்டையும் அடுக்கி எரிச்சா இரும்பு விரியும், ரெண்டு மூண்டு பேர் குறட்டால தூக்கிச் சில்லில இறக்கின கையோட தண்ணி ஊத்தோணும், பிந்தினா மரம் கருகிடும். குளிர இரும்பு சுருங்கி ஆரக்கால், வட்டை, குடம் எல்லாப் பொருத்தையும் ஒண்டா இறுக்கிப் பிடிக்கும். தண்ணி ஊத்திற வேலை அம்மப்பாவுக்காம், காலில பட்ட கொதிதண்ணித் தழும்பு இருந்ததோ எண்டு ஆச்சி கேட்டா. இருந்தது. நாங்கள் அது யுத்தக் காயம் எண்டு நினைச்சிருந்தம்.

அரசாங்க வேலைக்குப் போனவையின்ர பிள்ளையளுக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை. வடக்கு றெயில் பாதை 1905ல காங்கேசன்துறை வரைக்கும் திறந்த காலத்தில இருந்து எங்கட ஆக்கள் றெயில்வேயில இருந்திருக்கினம், அப்பிரன்டிசாச் சேந்து ரத்மலானை வேர்க்சொப்பில ஃபிட்டர் ஆனவையும் இருக்கினம். அப்பிடியானவைக்குத் தனிக்கோவை (பேர்சனல் ஃபைல்) இருக்கும், பென்சன் எடுத்தவை எண்டா ஓய்வூதியக் கோவை இருக்கும், விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய நம்பர் இருக்கும், அந்தத் திட்டம் 1898ல இருந்து இருக்கு. வீட்டில ஒரு பழைய பென்சன் புத்தகம் கிடந்தா அதில இருக்கிற நம்பர்தான் திறப்பு. காங்கேசன்துறை சீமெந்து, பரந்தன் கெமிக்கல், ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலை எண்டு வேலை செய்தவையின்ர பிள்ளையள், ஃபக்டரி அழிஞ்சிட்டுது எண்டு விடாதேங்கோ. ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்) சட்டம் 1958ல வந்தது, அந்தக் கணக்குகள் மத்திய வங்கியில இருக்கு, அந்த நிதியின்ர அங்கத்தவர் அட்டையான பி கார்ட் ஒண்டு வீட்டில கிடந்தா பாருங்கோ. அப்பா காலத்து ஆக்கள், 70களில பழகினவை எண்டா, தேசிய பயிலுநர் சட்டம் 1971ல வந்தது, அதுக்குப் பிறகு முதலாளியும் பயிலுநரும் எழுத்தில ஒப்பந்தம் செய்து பயிலுநர் சபையில பதிஞ்சவை, அதுதான் 1990ல நைட்டா எண்ட தேசிய பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை ஆனது. எழுதிக் கேளுங்கோ, பதில் வரேல்ல எண்டா 2016ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில போடுங்கோ, சட்டம் இருக்கிறது அதுக்குத்தான். நான் ஒரு திணைக்களத்துக்கு எழுதி மாசக்கணக்காப் பதில் இல்லை, அந்தச் சட்டத்தின்ர படிவத்தில கேட்ட பிறகுதான் கோவை எங்க கிடக்குது எண்டாவது சொல்லிச்சினம்.

இன்னொரு விசயம், இதை எழுதாம விட்டா முழுக்கதை இல்லை. தொழிலைக் கேட்டா எங்கட சொந்தக்காரர் சிலபேர் வாயை மூடுறதுக்குக் காரணம் மறதி இல்லை, சாதி. தச்சு, கொல்லு, தட்டார் வேலை, சலவை, மயிர் வெட்டு, எல்லாத் தொழிலுக்கும் எங்கட சமூகம் ஒரு சாதியை ஒட்டி வைச்சிருக்கு, அதால வெளிநாட்டில நல்லா இருக்கிற பிள்ளையளுக்குத் தாத்தாவின்ர தொழிலைச் சொல்ல விருப்பமில்லை. "உதை ஏன் இப்ப கிளறுறாய்" எண்டு எனக்கும் ஃபோன் வந்தது. அந்த மனிசன்ர கைவேலையை மறைச்சுப்போட்டு அவற்ற பேரை மட்டும் பரம்பரை மரத்தில எழுதி என்ன பிரயோசனம்? அம்மப்பா செய்த சில்லில நெல்லு ஏத்தி வந்த குடும்பங்களில ஒண்டுதான் அந்த ஃபோன் எடுத்த குடும்பமும். நான் அவைக்கும் இதைத்தான் சொன்னன், கோவிச்சுக்கொண்டு வைச்சிட்டினம், பரவாயில்லை. தொழிலும் எல்லாருக்கும் பரம்பரையா வந்ததும் இல்லை. ஆச்சி வீட்டில கண்ட கல்வெட்டில இருக்கிற பேருகளில ஆரார் எந்தக் குடும்பம் எண்டு ஊரில கேட்டா, வேற வேற குடும்பத்துப் பிள்ளையள் அந்தப் பட்டறையில ஒரே பாயில படுத்திருக்கினம்.

இப்ப நான் தேடுறது அந்தக் குருவின்ர குருவை. ஆச்சி சொல்லுறா, தகப்பன் பழகினது யாழ்ப்பாணத்தில ஒரு தேர் செய்யிற பட்டறையிலயாம், நடந்து போனவராம், எந்த ஊர் எண்டு அவவுக்குத் தெரியேல்ல. தேர் செய்யிற பட்டறை எண்டா கோயில் கணக்குகளில, தேர்த்திருப்பணி மலர்களில பேர் இருக்க வழியிருக்கு, அதால இனி அந்தப் பக்கம்தான். வடமராட்சி, வலிகாமம் பக்கம் உங்கட வீட்டிலயோ சொந்தத்திலயோ தேர் வேலை செய்த பெரியவர் ஆரும் இருந்தா, முல்லைத்தீவுப் பக்கத்தில இருந்து வந்து திண்ணையில படுத்துப் பழகின பெடியன் ஒருத்தரைப் பற்றி ஆரும் கதைச்சது ஞாபகமிருக்கோ எண்டு கேட்டுப் பாருங்கோ. 1920க்குக் கிட்ட இருக்கும். வீட்டில பழைய சீவுளி, உளிப்பிடி, முழக்கோல் ஏதும் கிடந்தா எண்ணெய் போட்டுத் துடைச்சிட்டு வெளிச்சத்தில சரிச்சுப் பிடிச்சுப் பாருங்கோ, எழுத்து இருந்தா ஒரு ஃபோட்டோ எடுத்துக் கீழ போடுங்கோ.